தோன்றா எழுவாய்

— தேய்ங்க, நல்லாத் தேய்ங்க. குழந்தைக்குப் பவுடர் போடற மாதிரி தடவினா எப்படி? உப்புத்தாளை அழுத்திப் பிடிங்க.

— தேய்ச்சா டியூப் கிழிஞ்சுடாதா முதலாளி?

— ஏற்கெனவே ஓட்டையான சைக்கிள் டியூப்தானே அது! ஓட்டையைச் சுத்தி சொரசொரப்பா இருந்தாத்தான் பேட்ச் பிடிக்கும். முப்பது வருஷமா அச்சாபீஸ்ல உக்காந்து கமாவையும் புள்ளியையும் துரத்தித் துரத்திப் பிடிச்ச கை, ஒரு சின்ன ஓட்டையைப் பிடிக்க மாட்டேங்குது பாருங்க.

— அதாவது, கமா வெச்ச இடத்துல இருக்கும். இது வழுக்கிக்கிட்டே போகுது. எந்த எழுத்துப்பிழையும் என் கையில இப்படி எண்ணெயை ஒட்ட வெச்சதில்ல.

— சாக்கு சொல்லாதீங்க. இப்ப சொல்யூஷன் தடவுங்க. மெல்லிசா, மெல்லிசா! சுவத்துக்குப் பெயின்ட் அடிக்கறதா நினைப்பா? பெயின்ட்னு சொன்னதும் ஞாபகம் வருது, சமையல்கட்டுச் சுவர் காஞ்சிடுச்சா?

— காஞ்சிடுச்சு. ரெண்டு தடவ அடிச்சேன்.

— பன்னிரண்டு வருஷமா நான் கேட்ட கிளிப்பச்சை. 'அந்தக் கலர் அடிச்சா நான் ஓட்டல்லதான் சாப்பிடுவேன்'னு நீங்க சொன்ன கிளிப்பச்சை. புதன்கிழமை சாயங்காலம் திடீர்னு டப்பாவும் பிரஷ்ஷுமா வந்து நிக்கறீங்க.

— பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சின்னு எங்கயோ படிச்சேன்.

— வியாழக்கிழமை எனக்குக் கடையில உக்கார மெத்தை வெச்ச நாற்காலி. நேத்து காலைல டீ படுக்கைக்கே நடந்து வருது.

— சர்க்கரை சரியா இருந்துச்சா?

— சரியா இருந்துச்சு. அதுதான் பயமாவும் இருந்துச்சு. இத்தனை வருஷத்துல என் டீக்கு எத்தனை கரண்டின்னு உங்களுக்குத் தெரியும்னே எனக்குத் தெரியாது.

— ஏன் முதலாளி, ஒரு புருஷன் பொண்டாட்டிக்கு நல்லது செஞ்சா குத்தமா?

— குத்தமில்ல, சந்தேகம். சரி, இதுக்குப் பதில் சொல்லுங்க. நேத்து கடை வாசல் போர்டுல புதுசா எழுதினேனே, பாத்தீங்களா?

— பாத்தேன்.

— 'பஞ்சர் ஒட்டபடும்'. நடுவுல ஒரு 'ப்'பை வேணும்னே முழுங்கிட்டு எழுதினேன். நீங்க அதைக் கடந்து ஆறு தடவ போனீங்க, வந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லல.

— கவனிச்சேன். ஆனா... கையெழுத்து அழகா இருக்குன்னு தோணுச்சு.

— அழகாவா! மளிகைச் சீட்டுல ஒற்று விட்டாலே சோறு இறங்காது உங்களுக்கு. கல்யாணம் நிச்சயமானதும் நான் ஆசை ஆசையா எழுதின முதல் கடிதாசை, சிவப்பு மையில திருத்தித் திருப்பி அனுப்பின ஆளு நீங்க.

— பதினேழு பிழை.

— பதினெட்டு. ஒண்ணை விட்டுட்டீங்க. இத்தனை வருஷமா சொல்லல, போனாப் போகுதுன்னு.

— எதை விட்டேன்? அப்படி இருக்காதே!

— ஹா, இப்பத்தான் என் புருஷன் மாதிரி பேசறீங்க. அப்பாடா. சரி, சொல்யூஷன் காயணும், விரல் வெச்சா ஒட்டக் கூடாது, அது வரைக்கும் பேட்ச் வைக்கப்படாது. அதுக்குள்ள நோட்டை எடுங்க.

— மறுபடியுமா? நேத்தே பதினாலு பக்கம் எழுதியாச்சு.

— இன்னும் ஏழெட்டு வண்டி பாக்கி இருக்கு. எழுதுங்க. கண்ணாடிக்கடைக்காரர் வண்டி. பிரேக் ஒயர் அடிக்கடி அறுந்துடும், ரெண்டு மாசத்துக்கு ஒரு தரம் பாக்கணும். அவரா வந்து சொல்ல மாட்டார், மோதின பிறகுதான் சொல்வார்.

— '...மோதின பிறகுதான் சொல்வார்.' எழுதிட்டேன்.

— பாட்டு டீச்சர் வண்டி. செயின்ல சத்தம் வருதுன்னு வருவாங்க. செயின்ல ஒண்ணும் இருக்காது. கூடையில தண்ணி பாட்டில் ஆடுற சத்தம் அது. அதை நேரா சொன்னா கோவிச்சுக்குவாங்க. செயினுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுட்டு, பாட்டிலை நகத்தி வெச்சு அனுப்பிடணும்.

— இதெல்லாம் உனக்குத் தலைகீழாத் தெரியுமே, எதுக்கு எழுதி வைக்கணும்?

— மருந்து ஏத்தினதுல இருந்து மறதி வருதுங்க. தலையைப் பாருங்க, மொட்டை டயர் மாதிரி ஆயிடுச்சு. முடியோட சேந்து ஞாபகமும் கொட்டிடுச்சோ என்னவோ.

— கொட்டல. பின்னாடி புசுபுசுன்னு வந்திருக்கு, நேத்துத் தடவிப் பாத்தேன்.

— தூங்கறேன்னு நினைச்சுத் தடவினீங்க. முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். மொட்டை டயர்ல புதுசா பட்டன் முளைக்குதுன்னு வெச்சுக்குவோம். அது போகட்டும், நம்ம பொண்ணு எதுக்கு லீவு போட்டுட்டு வர்றா?

— வர்றாளா?

— அட அட அட. அரிச்சந்திரனுக்குத் தம்பி! ரெண்டு பெட்டியோட திங்கக்கிழமை வர்றாளாம். 'அப்பா போன்ல அழுதார், ஏன்னு கேட்டா வெங்காயம்னார்'ங்கறா. நீங்க எப்பங்க வெங்காயம் நறுக்கினீங்க?

— அதாவது... போன் அடிக்குது.

— நல்ல நேரம் பாத்து அடிக்குது. எடுங்க.

— வேணாம். தப்பு நம்பர்.

— எடுக்காமலேவா? காட்டுங்க. 'டாக்டரம்மா'ன்னு பெருசா வருதே!

— என் கையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு முதலாளி. அப்புறம் நானே கூப்பிட்டுக்கறேன்.

— என் கை காலியாத்தான் இருக்கு. ஸ்பீக்கர்ல போடறேன், ரெண்டு பேரும் கேப்போம். வணக்கம் டாக்டரம்மா, வண்டி எப்படி ஓடுது?

— வண்டி சூப்பரா ஓடுதுக்கா. நீங்க ரெண்டு பேரும்தான் எங்க ஓடிப்போனீங்கன்னு தெரியல. சாருக்கு இதுக்கு முன்னாடி நாலு தடவ கூப்பிட்டேன். ஒரு தடவ கூட எடுக்கல.

— டாக்டர், நான் சொல்றேன், கொஞ்சம் ஸ்பீக்கரை அணைச்சுட்டு...

— ஸ்பீக்கர் அணையாதுங்க. நீங்க சொல்லுங்க டாக்டரம்மா.

— டாக்டர், தயவுசெஞ்சு வேணாம்! நான் இன்னும் அவகிட்ட சொல்லல.

— எதை சார் சொல்லல?

— நீங்க புதன்கிழமை சொன்னதை. ரிப்பேர் ஆயிடுச்சு, இனிமே சரி பண்ண முடியாதுன்னீங்களே, அதை. எப்படிச் சொல்றதுன்னு வாய் வரல. காலையில சொல்லலாம்னு நினைப்பேன், அவ சிரிச்சுடுவா. சாயங்காலம் சொல்லலாம்னு நினைப்பேன், அப்பவும் சிரிச்சுடுவா. என்னால முடியல டாக்டர்.

— சார், ஒரு நிமிஷம். இவ்வளவு நல்ல விஷயத்தை மூணு நாளா வீட்டுல சொல்லாமலா வெச்சிருக்கீங்க?

— நல்ல விஷயமா?

— பின்னே? உடனே வந்து புது மாத்திரையை வாங்கிட்டுப் போங்கன்னு சொன்னேனே. டப்பா என் மேஜை மேலயே உக்காந்திருக்கு, அக்காவைக் காணோம், சாரைக் காணோம்னு.

— டாக்டரம்மா, நீங்க முதல்ல ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எதுங்க ரிப்பேர் ஆனது?

— கட்டிக்கா! கட்டியோட ரிப்பேர் ரிப்பேர் ஆயிடுச்சு. கட்டியாலதான் இனிமே தன்னைச் சரி பண்ணிக்க முடியாது. இதைத்தான் சாருக்குச் சொன்னேன். ...ஹலோ? லைன்ல இருக்கீங்களா?

— இருக்கோம். இவர்தான் தரையில உக்காந்துட்டார். ஏங்க, அது கிரீஸ் டப்பா, பாத்து!

— டாக்டர், எனக்கு முன்பாதி காதுலயே விழல. அன்னிக்கு அச்சாபீஸ்ல மெஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஒரு காதைப் பொத்திக்கிட்டு, கையில இருந்த புரூஃப் தாள் ஓரத்துல எழுதினேன். 'ரிப்பேர் ஆயிடுச்சு. இனிமே சரி பண்ண முடியாது. உடனே வரணும்.' இவ்வளவுதான் எழுதினேன். அதைக் கிழிச்சு பாக்கெட்ல வெச்சேன். இரு, காட்டறேன்... எங்க போச்சு அந்தச் சீட்டு?

— அதை அப்புறம் தேடிக்கலாம். ஏங்க, யாருக்கு ரிப்பேர்னு திருப்பிக் கேட்டிருக்கக் கூடாதா?

— எழுவாய்! வாக்கியத்துல எழுவாயைக் காணோம் முதலாளி! ஊரான் எழுதின புத்தகத்துல எழுவாய் இல்லைன்னா பென்சிலால சுழிச்சு, 'யார்? எது?'ன்னு கேள்விக்குறி போடற ஆளு நான். என் வீட்டு வாக்கியத்துல நானே ஒரு எழுவாயை நிரப்பிக்கிட்டேன்.

— சார், எனக்கு இலக்கணம் ஸ்கூலோட போச்சு. என்ன சொல்றீங்க?

— 'வந்தான்'னு மட்டும் சொன்னா, யாருன்னு வெளியில தெரியாது, நாமளாப் புரிஞ்சுக்கணும் பாருங்க. அதுக்குத் தோன்றா எழுவாய்னு பேரு. தோன்றாம போனது இங்க கட்டி. நான் போட்டுக்கிட்டது என் பொண்டாட்டி.

— ஐயோ சார்! என் மேலயும் தப்பு இருக்கு. பழுதுக்கும் ரிப்பேர்ங்கறோம், பழுது பாக்கறதுக்கும் ரிப்பேர்ங்கறோம். ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லியிருக்கக் கூடாது.

— பரவால்ல டாக்டரம்மா. என் கடையிலயும் தினம் இதே கதைதான். 'வண்டி ரிப்பேர்க்கா'ன்னு வருவாங்க, 'ரிப்பேர் ஆயிடுச்சாக்கா'ன்னு எடுத்துட்டுப் போவாங்க. இப்ப எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. போன மாசம் வரைக்கும் கட்டி பாதி சுருங்கி அப்படியே நின்னுபோச்சுன்னுதானே சொன்னீங்க?

— ஆமாக்கா. உங்க பாஷையிலயே சொல்றேன், தப்பா இருந்தா திருத்துங்க. கீமோ மருந்து ஏத்தறோம், கரண்ட்டுன்னு கதிர் வைக்கறோம் இல்லையா? ரெண்டும் ஏறக்குறைய ஒரே வேலைதான். கட்டியில இருக்கற ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் டி.என்.ஏ.ன்னு ஒரு நீள இழை இருக்கு. அதுல ஆணி அடிக்கறோம்.

— பஞ்சர் ஆக்கறீங்க.

— அதேதான்! பஞ்சரான செல்லு ஓட முடியாம சாகணும். பாதி செத்துச்சு. மீதிப் பாதி கில்லாடி. நாங்க போட்ட ஓட்டையை உள்ளயே உக்காந்து ஒட்டிக்கிச்சு.

— அடப்பாவி, எனக்கே போட்டிக் கடை வெச்சிருக்கா?

— ஒண்ணு இல்லக்கா, ரெண்டு கடை. சின்ன ஓட்டை ஒட்ட ஒரு கடை, பெரிய கிழிசலுக்கு இன்னொரு கடை. உங்க உடம்புல நல்ல செல்லுக்கும் இந்த ரெண்டு கடையும் உண்டு. அதனாலதான் நாம உயிரோட இருக்கோம். வெயில், வயசு, எதுனாலயாவது தினம் ஓட்டை விழுந்துக்கிட்டேதான் இருக்கும்.

— சரி, இதுல ரிப்பேர் ஆனது எது?

— கட்டிக்குள்ள இருக்கற பெரிய கிழிசல் கடை. ஊசி வெச்சு சதை எடுத்தோமே, அதை சோதிச்சதுல தெரிஞ்சுது. அங்க பூட்டு தொங்குது. அப்ப கட்டி மொத்தமும் சின்னக் கடையை நம்பித்தான் ஓடிக்கிட்டு இருக்கு. இந்தப் புது மாத்திரை என்ன பண்ணும்னா...

— சின்னக் கடையையும் மூடிடும்!

— கரெக்ட்!

— இருங்க டாக்டரம்மா, மீதியை நான் சொல்றேன். சின்ன ஓட்டையை ஒட்டாம வண்டியை ஓட்டினா என்ன ஆகும்? டியூப் மடங்கி, உரசி, கிழிஞ்சு நாராயிடும். கட்டிக்கு நிக்கத் தெரியாது, ஓடிக்கிட்டேதான் இருக்கும். ஓட ஓட சின்ன ஓட்டை பெரிய கிழிசலாகும். பெரிய கிழிசல் கடைக்குத் தூக்கிட்டுப் போனா...

— பூட்டு!

— பூட்டு! வழியில வண்டியைப் போட்டுட்டு நிக்க வேண்டியதுதான்! ஏங்க, கேட்டீங்களா?

— கேட்டேன், கேட்டேன். ஆனா டாக்டர், அந்த மாத்திரை இவளோட நல்ல செல்லுல இருக்கற சின்னக் கடையையும் மூடாதா?

— நல்ல கேள்வி சார். மூடும். ஆனா நல்ல செல்லுக்குப் பெரிய கடை திறந்திருக்கே, அங்க போய்ச் சமாளிச்சுக்கும். ரத்தத்தையும் சோதிச்சுட்டோம். கோளாறு கட்டியில மட்டும்தான், அக்காவோட பிறவியில இல்ல. அதனால உங்க பொண்ணுக்கும் இது போகாது.

— அவளுக்கு முதல்ல போன் பண்ணணும் முதலாளி. ஒரு பெட்டி போதும்னு சொல்லணும்.

— ஒண்ணு மட்டும் ஒளிக்காம சொல்லிடறேன். கட்டி சும்மா இருக்காது. கொஞ்ச நாள் போனா, பூட்டின கடையைத் திறக்கப் பாக்கும், வேற வழி தேடும். அதனால ரெண்டு மாசத்துக்கு ஒரு தரம் ஸ்கேன். அசதி இருக்கும், வாந்தி வரும், ரத்தத்துல அணு குறையும், அடிக்கடி பாக்கணும். நூத்துக்கு நூறுன்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். ஆனா போன மாசம் எனக்கு ஒரு வழியும் தெரியல. இப்ப நல்ல வழி தெரியுது. எனக்கே சந்தோஷமா இருக்குக்கா.

— அது போதும் டாக்டரம்மா. என் கடையிலயும் நான் ஆயுசுக்கு கேரண்டி குடுக்கறதில்ல. அடிக்கடி கொண்டாந்து காட்டுங்க, பாத்துக்கலாம்னுதான் சொல்வேன்.

— அப்ப திங்கக்கிழமை காலைல வந்துடுங்க. சார், நீங்களும் வாங்க. இந்தத் தடவ கையில எழுதியே குடுத்துடறேன், எழுவாய், அது, இது எல்லாம் போட்டு.

— குடுங்க டாக்டர். ஒற்றுப்பிழை இருந்தாலும் பரவால்ல, திருத்த மாட்டேன்.

— வெச்சுடறேன்க்கா. இன்னிக்கு நல்லாத் தூங்குங்க.

— வெச்சுட்டாங்க. எழுந்திருங்க. கிரீஸ் மேலயே உக்காந்திருக்கீங்க, அந்த வேட்டிக் கறை இனி எந்த சோப்புக்கும் அசையாது. என்னங்க, சிரிக்கறீங்களா, அழறீங்களா?

— ரெண்டுக்கும் நடுவுல ஒரு கமா போட்டுக்கோ. முதலாளி, மூணு நாளா நான் என்ன பாடு பட்டேன் தெரியுமா? டாக்டர் போனை எடுத்தா அது நிஜமாயிடும்னு எடுக்கல. நீ இல்லாத வீட்டுல டீ எப்படி இருக்கும்னு யோசிச்சேன். உனக்கு எத்தனை கரண்டி போடுவேன்னு யோசிச்சேன். அந்தக் கரண்டியைப் பாக்கவே பயமா இருந்துச்சு. நீ வேணும் எனக்கு. இதை முப்பது வருஷத்துல ஒரு தரம் கூட சொன்னதில்ல, இப்ப சொல்லிட்டேன்.

— சொல்லிட்டீங்க. கேட்டுக்கிட்டேன். இனிமே ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு தரம் சொல்லணும், ஆமா.

— சொல்றேன். அப்புறம், அந்தச் சமையல்கட்டுச் சுவர்...

— சுவத்துல கை வெச்சீங்க, தெரியும் சேதி! கிளிப்பச்சை கிளிப்பச்சைதான். நாற்காலியும் திரும்பிப் போகாது. டீ வேணா ஒருநாள் விட்டு ஒருநாள் நான் போடறேன்.

— போர்டுல மட்டும் அந்த 'ப்'பைப் போட்டுடட்டுமா? ஆறு தடவ கடந்து போறப்ப ஆறு தடவயும் நெஞ்சு வலிச்சுது.

— தாராளமா. சுண்ணக்கட்டி அங்க இருக்கு. ஆனா முதல்ல இதை முடிங்க. சொல்யூஷன் எப்பவோ காஞ்சுபோச்சு. பேட்சை வைங்க, கட்டை விரலால நடுவுல இருந்து ஓரத்துக்கு அழுத்துங்க. இப்ப சுத்தியால தட்டுங்க. இன்னும் ரெண்டு. காத்து அடிங்க. தொட்டித் தண்ணியில முக்குங்க பாப்போம்.

— முக்கிட்டேன்.

— திருப்புங்க. மெதுவா.

— வரல! முதலாளி, குமிழியே வரல! ஒண்ணு கூட வரல!

— அட! நிஜமாவே பிடிச்சிருக்கு. பாஸ்! நேத்து மூணு டியூபை நாசம் பண்ணின கையா இது?

— என் பேரைப் போர்டுல சேத்துக்கலாமா?

— ஆசையைப் பாரு. முதல்ல அந்த 'ப்'.

— ஆனா ஒண்ணு கேக்கறேன். டாக்டர் போன்ல நான் உளறினப்ப நீ பதறவே இல்லையே. அது மட்டுமில்ல. மூணு நாளா கடையில என்னைப் பிடிச்சு உக்கார வெச்சு, ஒட்டு, தேய், காய வைன்னு உயிரை எடுத்தே. எந்த வண்டிக்கு என்ன வியாதின்னு ஒரு நோட்டே எழுத வெச்சே. இத்தனை வருஷமா என்னை ஒரு ஸ்பேனரைக் கூடத் தொட விட மாட்டே. இப்ப என்ன திடீர்னு?

— அந்தச் சீட்டைத் தேடினீங்களே, கிடைச்சுதா?

— எங்கயாவது விழுந்திருக்கும். பேச்சை மாத்தாதே.

— மாத்தலைங்க. வியாழக்கிழமை உங்க சட்டையைத் துவைக்கப் போட்டப்ப பாக்கெட்ல இருந்துச்சு. அதுல எழுவாய் இல்ல. நானும், அது நான்தான்னு படிச்சுட்டேன்.